பெயரின் நடுவில் ஒரு சொடக்கு

வெல்கோம் சுரங்கத்தை மூடியபோது கொடுத்த பணத்தில்
மொயெகெட்சி ஒரு மாடு வாங்கினான்.
கூரைத்தகடு மாற்றலாம் என்றிருந்தேன் நான்.
பதினோராயிரம் ராண்ட்.
ஓடை தாண்டி, கீழ்வரிசையில், ஸிபுயிலே வீட்டு மாடு.
கறுப்பு. முதுகு நெடுக
யாரோ ஓட்டைச் சுண்ணாம்பு வாளியோடு
நடந்துபோன மாதிரி ஒரு வெள்ளை.
இன்கோனெ என்கிறார்கள் அவர்கள்.
நான் மாடு என்றேன்.

அறுபத்து மூன்று வீடு எங்கள் ஊர்.
மேல்வரிசை சோத்தோ, கீழ்வரிசை ஜூலு,
நடுவே ஒரு குழாய்.
மெட்சி என்று கூப்பிட்டாலும்
அமான்ஸி என்று கூப்பிட்டாலும்
செவ்வாயும் வெள்ளியும்தான் வரும்.

பிள்ளைகளுக்கு இரண்டும் வரும்,
திட்ட ஒன்று, கெஞ்ச ஒன்று.
நான் இருபது வருஷமாக
அவர்கள் மொழியில் கேட்டு
என் மொழியில் பதில் சொல்கிறேன்.
ஆட்களுக்கு அது போதும்.

மாட்டுக்குப் போதவில்லை.

அதன் பெயரின் நடுவில் ஒரு சொடக்கு.
எழுதினால் செத்துவிடும், எழுதவில்லை.
எங்களுக்கும் சொடக்கு உண்டு, ஒன்றே ஒன்று,
மேலண்ணத்தில், புட்டி மூடி திறந்த மாதிரி.
அவர்களுக்கு மூன்று.
மாட்டுக்கு வைத்திருந்தது எங்களிடம் இல்லாதது.
வேலியோரம் நின்று என் புருஷன்
மூடி மூடியாகத் திறந்தான்.
மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

பிறகு தினமும் சாயங்காலம்
ஸிபுயிலே வந்து கூப்பிட்டுக் கொடுத்தாள்,
மாவு காயாத கையோடு,
ஒரே தரம், உரக்கக்கூட இல்லை.
ஓடி வரும்.
அவள் பெயருக்கே
'திரும்பி வந்துவிட்டன' என்று அர்த்தம்,
மாடுகள்தான், வேறென்ன.
மொயெகெட்சி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.
நானும் இரண்டு தரம் சிரித்தேன்.
மூன்றாம் தரம்
பால் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசையாக வைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை.
அவள் லேடிஸ்மித்தில், கொழுந்தன் சாவுக்கு.
இவன் ஹாரிஸ்மித்தில், ஆணி வாங்க.
தண்டவாளத்துக்கு அப்பால் புல் எரிந்தது,
யாரோ பற்றவைத்த நெருப்பு,
யாரும் பற்றவைக்காத காற்று.
மாடு அந்தப் பக்கம்,
பண்ணைக்காரர் வேலி விழுந்த இடத்தில்.
உள்ளே கால் வைத்தால் பட்டியில் அடைப்பார்கள்,
மீட்க நாளுக்கு எழுபது ராண்ட்.
வெந்துபோனால் அந்தச் செலவும் இல்லை.

மேட்டில் ஏறி நின்றேன்.
மணற்கல் குன்று முழுக்கப் புகைக்குள்.
பெயரைச் சொன்னேன். புட்டி மூடி.
மறுபடி. புட்டி மூடி.
வா என்று எங்கள் மொழியில், அவர்கள் மொழியில்,
கடைசியில்
நல்ல வார்த்தையே இல்லாத ஒரு மொழியில்.

அப்பாவிடம் ஒரு சாம்பல் குதிரை இருந்தது.
நாலு வயதில் முன்னால் உட்கார்ந்து
அதை நான்தான் கிளப்புவேன்,
நாக்கைக் கடைவாய்ப் பல்லோரம் ஒட்டிச்
சட்டென்று பிரித்து.
அது ஒரு எழுத்து என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எடுத்துப் பெயரின் நடுவில் வைத்தேன்.

தலை தூக்கியது.
நேராக வந்துவிடவில்லை.
நின்று, ஒரு வாய் கடித்து,
வேறு யாருடைய வேலைக்கோ போகிறது போல.
புகைக்குள்ளிருந்து முதலில் வந்தது
முதுகு வெள்ளை மட்டும்.
அப்புறம்தான் மாடு.

ஞாயிறு, ஸிபுயிலே திரும்பினாள்,
சட்டைக் கையில் துக்கத்தின் கறுப்புத் துண்டோடு.
எங்கே, கூப்பிடு என்றாள்.
கூப்பிட்டேன்.
சாவு வீட்டிலிருந்து வந்தவள்
குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"சொடக்கு சரி. மற்றதெல்லாம் தப்பு."

கூரை இன்னும் ஒழுகுகிறது.
மூன்றாவது எப்படி என்று கேட்டேன்.
முன்பல்லுக்குப் பின்னால் என்று செய்து காட்டினாள்.
அட, இது உச்சுக்கொட்டுவது.
இருபது வருஷமாக
மொயெகெட்சியிடம் நான் பேசிவருவது
பெரும்பாலும் அதுதான்.